மணியை நிறுத்தும் நேரம்

ஒனோரின் யார் பேச்சையும் கேட்கிறவள் அல்ல. இதை, நார்மண்டிக் கரையோரத்தில் கடல் ஏறும்போதெல்லாம் தீவாகிவிடும் சான் மிஷேல் மலையில் குடியிருந்த அத்தனை பேரும் சொல்வார்கள். அவள் கணவன் அன்செல்ம் மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் அன்றைக்கு வீட்டில் சூப் கிடைக்காது. போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த ஏப்ரல் காலையில் அவன் வாசலில் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு மூடுபனி இறங்கும், மட்டிச் சிப்பி பொறுக்கப் போகாதே என்றான். உன் மூக்கு சர்க்கார் மூக்கு, அதற்கு என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு மணலில் இறங்கிப் போய்விட்டாள்.

சர்க்கார் மூக்கு என்றதில் கொஞ்சம் நியாயம் உண்டு. உச்சியில் இருக்கும் மடாலயத்துக்கு அன்செல்ம் காவலாள். துறவிகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அரசாங்கம் காப்பாற்றுகிற பழஞ்சின்னம் என்று பெயர் வாங்கிய பிறகு அங்கே ஒரு ஆணி அடிப்பதற்கும் பாரிஸிலிருந்து உத்தரவு வரவேண்டும். மணிக்கூண்டின் உத்தரங்கள் உளுத்துப்போனதால், செப்பனிட்டு முடியும்வரை பெரிய மணியை ஆட்டவே கூடாது என்று அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்திருந்தது. ஆனால் மூடுபனி விழுந்தால் மணி அடிக்காமல் மலைக்காரர்களால் இருக்க முடியாது. கடைசியில் மணியை அசையாமல் கட்டிவிட்டு, அதன் நாக்கில் மட்டும் கயிறு கட்டி அடித்துக்கொள்ளலாம் என்று கட்டடக்கலைஞர் வாரென் சம்மதித்தார். நல்ல மனிதர். அவர்கூட அன்று உத்தரங்களைப் பார்வையிட மேலேதான் இருந்தார்.

பனியில் மணிக்கென்று ஒரு முறை உண்டு. மணி ஒலிக்கும்வரை அந்தத் திசையில் நடக்கலாம், கடல் வற்றி மணல் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். கடல் ஏறி வந்து வடக்கு மதிலடியிலுள்ள கறுப்புப் பாறையைத் தொட்டதும் மணி நின்றுவிட வேண்டும். அதற்குமேல் அடித்தால் ஒலியை நம்பி நடக்கிறவர்கள் நிறைந்த ஓடையில் நேராகப் போய் இறங்குவார்கள். மணி நின்றால் திரும்பி மேடு தேடி உட்கார்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு: தன் வீட்டு ஆள் வெளியே மாட்டியிருக்கும்போது யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. காரணத்தை யாரும் கேட்டதில்லை. பெற்றவனும் கட்டியவனும் நிறுத்துவார்களா என்ன?

அன்செல்மின் மூக்கு பொய் சொல்லவில்லை. காலைக் காப்பி ஆறுவதற்குள் கடலும் மணலும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. அவள் கரையோரம்தான் போயிருப்பாள், இதற்குள் ஏறியிருப்பாள் என்று நினைத்து அவன் மணிக்கூண்டுக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்து நிதானமாக அடிக்க ஆரம்பித்தான். சற்று நேரத்தில் ஒனோரினின் அக்கா லெயோந்தின் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். தங்கை கரையோரமாக நிற்காமல் தோம்பலேன் பாறைத்தீவை நோக்கிப் போனதை மதில்மேல் நின்று கண்ணால் பார்த்திருக்கிறாள். அங்கே மட்டி கொழுத்திருக்கும் என்பது ஒனோரினின் பல வருஷத்துப் பிடிவாதம். போன இடம் தொலைவு; இடையில் ஓடை; ஓடையின் இரண்டு பக்கமும் புதைமணல்.

அன்செல்ம் இனிக் கயிற்றைத் தொடக்கூடாது. ஊரில் ஆண்பிள்ளை ஒருத்தன் கிடையாது, அத்தனை பேரும் போந்தோர்சோன் சந்தைக்குப் போயிருந்தார்கள். சந்தை நாளில்தான் பனிக்கும் வரத் தோன்றும். லெயோந்தினும் கயிற்றைத் தொட முடியாது, அவள் உடன்பிறந்தவள். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு முறைப்படி கயிற்றை வாரென் கையில் கொடுத்து, நான் சொல்லும்வரை அடியுங்கள், சொன்னதும் விட்டுவிடுங்கள் என்றான். லெயோந்தின் பாறையைக் கவனிக்க மதிலுக்கு இறங்கினாள். முறையைச் சரியாகத்தான் செய்தோம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதில்தான் தப்பு. சொந்தமில்லாதவன் சட்டென்று நிறுத்திவிடுவான் என்று மலைக்காரர்கள் காலங்காலமாக நம்பிவந்தார்கள். இளகிய மனசுக்காரன் ஒருத்தன் கையில் கயிறு போகும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

வாரென் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்தார். அடி ஒழுங்காக விழவில்லை. ஆனாலும் உயிரைக் கொடுத்து அடித்தார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தும் விடவில்லை. அன்செல்ம் ஜன்னலில் நின்று வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்துவிடு, வந்துவிடு என்று அவன் உதடுகள் முணுமுணுத்தன. இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் இப்படிக் கெஞ்சியதில்லை. கெஞ்சினாலும் அவள் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

லெயோந்தின் திரும்பி வந்தாள். பாவாடை ஓரம் நனைந்திருந்தது.

"தண்ணி தொட்டுடுச்சு" என்றாள்.

போதும், விடுங்கள் என்றான் அன்செல்ம். வாரென் விடவில்லை, இன்னும் வேகமாக அடித்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அடிப்போம், அன்செல்ம். பக்கத்துல வந்துட்டாங்களோ என்னமோ. வெளில இருக்கறது உங்க சம்சாரம்ப்பா."

"அதனாலதான் நிறுத்தச் சொல்றேன், ஐயா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி கயிற்றை இழுத்தார். அன்செல்ம் பாய்ந்துபோய்க் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து மார்போடு இறுக்கிக்கொண்டான். பாதி அடியில் மணி நின்றது. வாரென் அவன் முகத்தைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார்.

மணி நின்றதும் கடலின் சத்தம் கேட்டது. தானியத்தைக் களத்தில் கொட்டுகிற மாதிரிச் சலசலவென்று மலையைச் சுற்றி அது ஏறிக்கொண்டிருந்தது. அன்செல்ம் கயிற்றை விடாமல் அப்படியே நின்றான். அவள் பயந்துபோயிருப்பாள் என்று அவன் பயப்படவில்லை. அவளாவது பயப்படுவதாவது. மணி நின்றால் நிற்கட்டும், எனக்கு வழி தெரியும் என்று நடந்துகொண்டே இருப்பாளே, அதுதான் அவன் பயம். கல்யாணமான நாளிலிருந்து அவன் நில் என்றால் நடப்பாள், நட என்றால் உட்காருவாள். இப்போது தன் கையாலேயே அவளுக்கு நில் என்று சொல்லியாகிவிட்டது.

லெயோந்தின் காப்பியில் ஆப்பிள் சாராயம் ஊற்றிக் கொண்டுவந்தாள். மூவரும் மதிலோரம் உட்கார்ந்து குடித்தார்கள்.  நடுப்பகலில் பனி கிழிந்து கிழிந்து விலகியது. கண்ணெட்டிய தூரம் சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் தோம்பலேன். கோபுரச் சிற்பங்களைப் பார்ப்பதற்கு வைத்திருந்த தூரக்கண்ணாடியை வாரென் நீட்டினார். அன்செல்ம் வாங்கவில்லை. பார்த்து, அங்கே ஆள் இல்லையென்றால்? வாரென் தானே பார்த்தார், வெறும் கடற்பறவைகள்தான் என்றார். பாறையின் மறுபக்கம் தெரியாது என்று உடனே சேர்த்துச் சொன்னார். தெரியாதுதான்.

கடல் வற்றுவதற்கு ஒரு யுகம் ஆனது. மணல் பளபளப்பாக வெளியே வந்ததும் லெயோந்தின் எழுந்து நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே நின்றவள் திடீரென்று தங்கையைத் திட்ட ஆரம்பித்தாள். நார்மண்டியில் புழங்குகிற அத்தனை வசவும் வந்தது. அதைக் கேட்டதும் அன்செல்முக்குப் புரிந்துவிட்டது. படிகளில் விழுந்தடித்து இறங்கி மணலில் ஓடினான்.

ஒனோரின் கூடை நிறைய மட்டியோடு, இடுப்புவரை சேறோடு நடந்து வந்தாள். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல வேலை செய்தது. பசி கொல்லுது, பன்றியிறைச்சி மிச்சம் இருக்கா என்றாள். பின்னால் வந்து சேர்ந்த வாரெனைப் பார்க்காமலே கேட்டாள்.

"நடுவுல கயித்தப் புடிச்ச அந்தப் புண்ணியவான் யாரு? மாடு மிரண்டு ஓடினா கழுத்துமணி அடிக்குமே, அப்படி இருந்துச்சு."

நான்தான் என்று வாரென் கைக்குட்டை சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார். மனசு நல்ல மனசு, கைதான் போதாது என்று அவள் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தாள். பிறகு அன்செல்மிடம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"பாதி தூரம் வந்துட்டேன். கணுக்கால்ல தண்ணி. இன்னும் கொஞ்சம்தான், ஓடிடலாம்னு இருந்துச்சு. அப்ப மணி நின்னுச்சு. யாரோ கழுத்தப் புடிச்சு நெரிச்சாப்ல பாதியில நின்னுச்சு. தோம்பலேனுக்கே திரும்பிட்டேன்."

"நீ திரும்புவேன்னு நான் நம்பவே இல்ல" என்றான் அவன்.

"வேற எவன் நிறுத்தியிருந்தாலும் நடந்திருப்பேன். அடிச்சவர் விடல, வேற கை பாஞ்சு புடிச்சுது, அது நீதான்னு தெரிஞ்சுது. நான் வெளில இருக்கறப்போ நீ நிறுத்தறேன்னா, மேல நடந்தா செத்தேன்னு அர்த்தம்."

 அன்செல்ம் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதான். ஒனோரின் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.