பதினைந்தாவது தகடு

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, ஷிஃப்ட் தொடங்குமுன், எங்கள் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப் வாசலில் பதினான்கு பேரை வரிசையாக நிற்கவைத்து விதிகளைப் படித்தேன். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு திங்களும் படிக்கிறேன். தலைக்கு எண்ணெய் கூடாது. முகத்துக்கு கிரீம், பவுடர் கூடாது. ஜெல், சென்ட், உதட்டுச் சாயம், கைக்குத் தடவும் களிம்பு எதுவும் கூடாது. தலையையும் தோலையும் வழவழப்பாக்குகிற சிலிக்கோன் என்ற ஒரு சாமான் இந்தப் பூச்சுகளில் பலவற்றில் இருக்கிறது. அது கடுகளவு காரின் உடம்பில் பட்டாலும் போதும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி ஓடி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். ஒரு ஆள் அழகாகப் போய் ஒரு கார் முகம் கெட்டுப்போகும் என்று நான் சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன்.

எனக்கு அலங்காரம் பண்ணிக்கொள்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும். பெட்டிக்கடை முகப்பை மறைத்துக்கொண்டு டை பாக்கெட்டும் ஃபேஸ் வாஷ் பாக்கெட்டும் சரம் சரமாகத் தொங்கும். அதை வாங்கிப்போய் வீட்டில் கலக்கி அடித்துக்கொண்டு, நெற்றியிலும் காது மடலிலும் ஒட்டிய கறுப்பைக் கழுவத் துப்பில்லாமல் டியூட்டிக்கு வருகிற ஆண்கள் எங்கள் கம்பெனியிலேயே நாற்பது பேர் இருப்பார்கள். ஒரு மாதத்தில் அது செம்பட்டை பாய்ந்து தேங்காய் நாராகிவிடும். பெண்களுக்கு முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். எங்கள் லைனில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். யார் பார்க்க இந்தச் சிவப்பு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி சசிரேகா மாதம் ஒருமுறை மருதாணிப் பொடியைக் குழைத்து அப்பி, தலையில் மளிகைக்கடை கவரைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவாள். "சாணி மூட்டைக்கு கை கால் முளைச்சா மாதிரி கீற" என்பேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள்.

அப்படிப்பட்ட நான்தான் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஜெபகுமாரின் சலூனில் ஒன்றரை மணிநேரம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் படப்பையில் நடந்த ஒரு கல்யாணம். பந்தியில் பரிமாற வந்த ஒருத்தி சசியிடம், "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டாக்கா?" என்று கேட்டாள். எனக்கு நாற்பத்தொன்பது. சசிக்கு நாற்பத்திரண்டு. இல்லை, இவர் என் வீட்டுக்காரர் என்று அவள் சொல்லியிருக்கலாம். "ஊத்துமா" என்றாள். சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சிரித்தாள். சாணி மூட்டைக்கெல்லாம் சேர்த்து வைத்த சிரிப்பு அது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினைந்து ரூபாய் பாக்கெட் வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சசி பார்ப்பாள். அவள் முன்னால் கவரைக் கட்டிக்கொண்டு உட்காருவதைவிட, சலூனில் நானூற்றைம்பதைத் தண்டம் அழுவது மேல் என்று பட்டது.

"கறுப்பு வாணாம் சார்" என்றான் ஜெபகுமார். "கறுப்பு அடிச்சா டை அடிச்சது தெரிஞ்சிடும். டார்க் பிரவுன் போட்டு உடறேன், பாருங்க. பத்து வயசு கொறஞ்சிடும்."

அவன் எனக்கும் பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். அது தெரிந்தும் எனக்கு இனித்தது. பூசி, ஊறவைத்து, கழுவி, காயவைத்த பிறகு ஒரு சின்ன பாட்டிலில் இருந்து தண்ணீர் போன்ற எதையோ உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து என் தலையில் தடவினான்.

"இன்னாது, எண்ணெயா?"

"எண்ணெய்லாம் இல்ல சார், சீரம். இது போட்டாதான் ஷைனிங் நிக்கும். தெனம் காலைல ரெண்டு சொட்டு போதும். இந்த பாட்டில் உங்களுக்கு ஃப்ரீ, எடுத்துக்கினு போங்க."

கண்ணாடியில் மின்னிய தலையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கேள்வி எழவில்லை. வீட்டில் சசி ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். கிண்டல் இருக்கிறதா என்று முகத்தைத் தேடினேன், இல்லை. மறுநாள் காலை நாலரைக்குக் குளித்துவிட்டு இரண்டு சொட்டு தடவிக்கொண்டேன். என் விதிச் சீட்டில் சீரம் என்று எதுவும் இல்லை. அதை டைப் அடித்த காலத்தில் ஜெபகுமார் டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பான். மேலும் தலைமேல் உறை இருக்கிறது, எதுவும் வெளியே வராது. இப்படி எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குத் தெரிந்துகொள்ள இஷ்டமில்லை.

பெயின்ட் அடிக்கும் அறைக்குள் போகுமுன் ஒவ்வொரு காரையும் பிசுபிசுப்பான ஒரு துணியால் துடைக்கவேண்டும். பானெட்டைத் துடைக்கிறவள் கங்கா. மணிமங்கலத்துப் பெண், இருபத்திரண்டு வயது. ஒரு ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. புகார் இல்லாமல் ஒரு வருடம் முடித்தால் கம்பெனியிலேயே டிரெய்னியாக எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, எழுதிக்கொடுத்தவனே நான்தான். வேலையில் குறை சொல்ல முடியாது, ஆனால் நான் சொல்லுவேன். அன்று காலையும் சொன்னேன். என் தலையுறையின் நாடா தளர்ந்து உறை நழுவிக்கொண்டே இருந்தது. கையுறையைக் கழற்றி, உறையை இழுத்துவிட்டு, முடியை உள்ளே தள்ளிக் கட்டினேன். அப்போதுதான் அவள் துணியை முன்னும் பின்னும் தேய்ப்பது கண்ணில் பட்டது.

"ஒரே பக்கமா இழுக்கணும்னு எத்தினிவாட்டி சொல்றது? வூட்ல தோசக்கல்லு தொடைக்கிறியா நீ? குடு இப்டி."

துணியை அவள் கையிலிருந்து பிடுங்கி, கையுறை போடாத கையாலேயே துடைத்துக் காட்டினேன். ஒன்றோடு விடவில்லை. சொல்லிக்கொடுக்கிற ருசியில் ஏழு கார்களுக்குத் துடைத்துவிட்டுத் துணியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு லைன் நின்றது. ஒன்பது கார்களின் பானெட்டில் குழி. வெள்ளைப் பெயின்டில் நெருக்கமாக, ஊசியால் குத்தியதுபோல. நான் துணியைத் திருப்பிக் கொடுத்த பிறகு வந்த கடைசி இரண்டில் கொஞ்சம் குறைவு. குனிந்து பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. என் கை ஓடிய திசையிலேயே அவை வரிசை கட்டியிருந்தன. நிமிர்ந்தபோது இன்ஜினியர் நெல்லையப்பன் மூச்சு வாங்க நின்றான். திருநெல்வேலிப் பையன், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, மேலே இருப்பவர்கள் போன் பண்ணினால் எழுந்து நின்று பேசுவான்.

"என்ன சார், காலங்காத்தால இப்படி ஆயிட்டு? மூணு மணிக்குள்ள ரிப்போர்ட் கேக்காங்க. யார் சார் பானெட்?"

"கங்கா" என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லிக் கெட்டது செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லாருடைய லாக்கரையும் திறந்தார்கள். கங்காவின் லாக்கரில், டிபன் பையின் அடியில், சிவப்பழகு கிரீம் ஒன்று பாதி பிதுக்கிய நிலையில் இருந்தது. நாற்பது ரூபாய் டியூப். நெல்லையப்பன் அதைப் பாம்பைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கினான்.

"காலைல போடல சார்" என்றாள் கங்கா. "வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. ராத்திரிதான் போடுவேன். வூட்ல வச்சா தங்கச்சி தீத்துடுவா, அதான் எடுத்துக்கினு வந்தேன். சோப்பு போட்டு ரெண்டுவாட்டி மூஞ்சி கழுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். சாமி சத்தியமா சார்."

நாற்பது ரூபாய்க்குச் சிவப்பாகி வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பிடிக்கப் போகிறாள் என்று என் மனம் அந்த நேரத்திலும் இளித்தது. என் புத்தி அப்படி. இரண்டு சொட்டில் பத்து வயதைக் குறைத்துக்கொண்டு நிற்கிறவன் நான்.

யாரென்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆளுக்கொரு சுத்தமான துணி, ஆளுக்கொரு இரும்புத் தகடு. துணியால் நெற்றியையும் முடியையும் கையையும் துடைத்து, அதைத் தகட்டில் இழுத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்தால், சிலிக்கோன் இருக்கிற தகட்டில் ஒரு நிமிடத்தில் குழி விழும். சோதனையை நடத்துகிறவன் லீடர், அதாவது நான். பதினான்கு பேரையும் துடைக்கவைத்தேன். நானே எண் போட்டேன், நானே பெயின்ட் அடித்தேன். ஒரு எண்கூடக் கோணவில்லை, அதுதான் கேவலம். பதினான்கும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று வந்தன. கங்காவுடையது ஒன்பதாவது. அதிலும் ஒரு புள்ளி இல்லை.

நெல்லையப்பன் தகடுகளை ஒரு தரம் பார்த்தான், வாட்சை ஒரு தரம் பார்த்தான். "காலையில இருந்தது வேர்வையில போயிருக்கும். கம்பெனிக்குள்ள கிரீம் கொண்டுவந்ததே தப்புதான? ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட முடியாது. ஏஜென்சிக்குச் சொல்லி இன்னிக்கே எடுத்திருவோம். என்ன சார் சொல்லுதீங்க?"

தலையை ஆட்டினேன் போலிருக்கிறது.

"சார்" என்றாள் கங்கா, அவனைப் பார்த்து. "அந்தத் துணிய காலைல லீடர் சாரும் புட்ச்சாரு. ஏழு வண்டி அவரு தொடச்சாரு. அவருக்கு மட்டும் தகடு இல்லியா?"

நெல்லையப்பன் சிரித்தேவிட்டான். "யாரைச் சொல்லுத நீ? உங்களுக்கெல்லாம் ரூல்ஸ் படிக்கதே அவருதான்மா." என் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று மன்னிப்பு வேறு கேட்டுவிட்டு, லெட்டர் டைப் பண்ண ஆபீசுக்குப் போனான். மற்றவர்கள் டீக்குக் கலைந்தார்கள். உச்சுக்கொட்டக்கூட யாரும் நிற்கவில்லை.

நானும் கங்காவும் மட்டும் நின்றோம். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் தட்டிக்கொடுத்து, வேறு கம்பெனிக்குச் சொல்லிவிடுகிறேன், இருங்காட்டுக்கோட்டையில் எனக்கு ஆள் இருக்கிறது என்று பேச வார்த்தைகூட தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. மேஜைக்குப் போய்ப் புதுத் தகடு ஒன்றை எடுத்தாள். மார்க்கர் பேனாவால் மூலையில் பதினைந்து என்று எழுதி, பெயின்ட் அடிக்கத் தகடு மாட்டும் கொக்கியில் மாட்டினாள்.

"தல ஷோக்கா கீது சார்" என்றாள். "காலைல ரூல்ஸ் படிக்கசொல்லோவே பாத்தேன். வெயிலு பட்டு மின்னிச்சி."

"அப்பவே சொல்றதுதானே" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"சொன்னா எவன் நம்புவான்? இப்ப சொன்னேனே, சிரிச்சிட்டுப் போறாரு." முகமூடியைக் கழற்றினாள். கிரீம் போட்ட முகம்தான், கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அந்த முகம் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. பன்னிரண்டு வருடமாக வாசலில் நின்று நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. என் மேல் விழுந்தபோது தோல் உரிந்தது. பிறகு அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உடுப்பு மாற்றும் இடத்துக்குப் போனாள்.

தகடு கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிக் குப்பையில் போட ஒரு நொடி போதும். அறையில் யாரும் இல்லை. எனக்கு வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் இருந்தது, மகள் ஐஸ்வர்யா கல்லூரியில் இரண்டாம் வருடம். இதையெல்லாம் நினைத்தேன், ஒவ்வொன்றும் சரியான காரணமாகவே இருந்தது. அவள் ஏதாவது திட்டிவிட்டுப் போயிருந்தால் நான் தகட்டை வீசியிருப்பேன். அந்தப் பார்வையை முதுகில் சுமந்துகொண்டு அடுத்த திங்கள் விதிச் சீட்டைக் கையில் எடுக்க முடியும் என்றுதான் தோன்றவில்லை. நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு அடுத்ததைச் செய்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

தலையுறையை அவிழ்த்தேன். புதுத் துணி ஒன்றை எடுத்து முடியில் அழுத்தித் துடைத்து, தகட்டில் ஒரே பக்கமாக இழுத்தேன். பெயின்ட் துப்பாக்கியை எடுத்தேன். அடிக்கும்போதும் ஒரு குழியும் விழக்கூடாது என்று திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

வெள்ளை ஒரே சீராகப் படிந்தது. பின்னால் கதவு திறந்து, "சார், இதுல ஒரு கையெழுத்து..." என்று நெல்லையப்பனின் குரல் தொடங்கி நின்றது. அவன் என் திறந்த தலையைப் பார்த்தான், பிறகு தகட்டைப் பார்த்தான். நடுவில் மிளகளவு ஒரு இடம் லேசாக நடுங்கியது. வெள்ளை அங்கிருந்து மெல்ல விலகி, இரும்பு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு மேலிருந்து கீழ்வரை, நான் துணியை இழுத்த கோட்டிலேயே, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கங்கா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். டிபன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தாள்.