இருபத்தோராவது கை

அந்த மசோதா டெல்லியில் வைக்கப்பட்ட நாளிலிருந்து கட்சி இரண்டாகக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களைப் பற்றிய சட்டத்தைத் திருத்துகிற மசோதா அது. அதன் ஏழாவது பிரிவு மண்டபம், பாம்பன் பக்கம் பலருக்கு மனப்பாடமாகியிருந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் இனிக் குடியுரிமை கேட்க முடியாது. ஏற்கெனவே கொடுத்த விண்ணப்பங்கள் செல்லாது. பதிவு செய்த முகாமுக்குள்தான் அவர்கள் இருக்க வேண்டும்.

கட்சிக்கு மாநிலங்களவையில் இரண்டே உறுப்பினர்கள். மசோதாவை ஆதரித்தால் வருகிற தேர்தலில் பெரிய கூட்டணியில் இடம் கிடைக்கும் என்று ஒரு பாதி சொன்னது. ஆதரித்தால் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது என்றது மறுபாதி. தலைமையால் முடிவெடுக்க முடியவில்லை. மாவட்டச் செயற்குழுக்கள் தீர்மானம் போட்டு அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டது. அகதி முகாம் இருக்கிற மாவட்டம் என்பதால் ராமநாதபுரம் என்ன சொல்லப் போகிறது என்றே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபம் ஒன்றியச் செயலாளர் சவேரியார் என்ன செய்வார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாம்பன்காரர். முழங்கால் விட்டுப்போகும்வரை கடலுக்குப் போனவர். பதினெட்டு வருடமாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார், கட்சிக்காக இரண்டு முறை சிறைக்குப் போயிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய மருமகள் ஜெர்லின் முகாமில் பிறந்தவள்.

ஜெர்லினின் அப்பாவும் அம்மாவும் தொண்ணூறாம் வருடம் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். அப்பா இறந்துவிட்டார். அம்மா யாகப்பம்மாளும் தம்பியும் இன்னும் முகாமில் இருக்கிறார்கள். சவேரியாரின் மகன் கிளாட்சன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பேப்பர் இல்லாத பிள்ளை, நாளைக்கு என்ன ஆகுமோ என்றார்கள். சவேரியார் தானே முகாமுக்குப் போய்ப் பெண் கேட்டார். அது நடந்து ஒன்பது வருடமாகிறது, அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஏழு வருடமாக ஜெர்லினுடைய குடியுரிமை விண்ணப்பம் கலெக்டர் ஆபீசில் கிடக்கிறது. இரண்டு முறை திரும்பி வந்து மூன்றாவது முறையாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சவேரியார்தான் அவளோடு போய் வரிசையில் நின்றார்.

ஜெர்லினுக்குக் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் செயற்குழுக் கூட்டங்களில் மினிட் நோட்டு எழுத நாலு வருடமாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கட்சி உறுப்பினர் கிடையாது. குடிமகளாக இல்லாதவளை உறுப்பினராகச் சேர்க்க விதியில் இடமில்லை. ஓரமாக ஒரு மேசை போட்டு உட்காருவாள், மற்றவர்கள் பேசுவதை எழுதுவாள்.

மசோதாவை எதிர்த்து மாமனார் பேச வேண்டிய பேச்சையும் அவள்தான் எழுதினாள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் பெரிய எழுத்தில் நாலு தாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நல்லாருக்கு தாயி என்றார்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் தொடங்கியது. நாற்பத்தோரு பேரும் வந்திருந்தார்கள். மாவட்டச் செயலாளர் பாண்டித்துரை முதலில் பேசினார். முதுகுளத்தூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். முகாமில் இருக்கிறவர்கள் மேல் தனக்கு எந்த விரோதமும் இல்லை என்றார். ஆனால் நம் மீனவர்கள் அந்தப் பக்கம் சிறையில் கிடக்கிறார்கள், படகுகள் துருப்பிடிக்கின்றன, டெல்லியில் நம் பேச்சு எடுபட வேண்டுமானால் ஒரு விஷயத்திலாவது நாம் அங்கே ஆட்சியில் இருப்பவர்களோடு நிற்க வேண்டும் என்றார். தங்கச்சிமடத்திலிருந்து வந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவரின் மச்சினன் யாழ்ப்பாணச் சிறையில் இருந்தான். அந்தத் தலையாட்டலுக்காக ஜெர்லினால் அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை.

அடுத்துப் பெரியபட்டினம் பாக்கர் எழுந்தார். இருபத்திரண்டு வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"என் பாஸ்போர்ட்ட முதலாளி அலமாரியில வச்சுப் பூட்டியிருந்தான்," என்றார். "ஊர்ல வாப்பா மவுத்தாகி, அடக்கி நாலு நாள் கழிச்சுத்தான் எனக்குக் கெடச்சிச்சு. அடுத்தவன் பேப்பர்ல உசுர் வாழுறது எப்படியிருக்கும்னு இந்த ஹால்ல பாதிப் பேருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நம்ம அத இன்னொருத்தருக்குச் செய்யப் போறமா?"

கீழக்கரையிலிருந்து வந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, முகாம்காரனுக்கு இலவச அரிசி, நமக்கு என்ன என்று கேட்டார். அதற்கு இன்னொருவர் எழுந்து பதில் சொல்ல, நாற்காலிகள் நகர்ந்தன. இத்தனை வருடம் ஒரே வேனில் மாநாட்டுக்குப் போனவர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லித் திட்டிக்கொண்டார்கள். பாண்டித்துரை மேசையில் கையைத் தட்டி அமைதிப்படுத்தினார். பிறகு சவேரியாரைப் பேசக் கூப்பிட்டார்.

சவேரியார் எழுந்து நின்றார். சட்டைப் பையில் நாலு தாளும் மடித்தபடி இருப்பது ஜெர்லினுக்குத் தெரிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"நா பேசலங்க," என்றார். "ஓட்டுக்கு விட்ருங்க."

உட்கார்ந்துவிட்டார். ஜெர்லின் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். உடம்புக்கு முடியவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாக்கர் கேட்டார். பாண்டித்துரை சரியென்று சொல்லிவிட்டு, மசோதாவை ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஜெர்லின் முன்வரிசையிலிருந்து எழுதிக்கொண்டே வந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அத்தோடு முடிந்தது என்று கோடு போடப் போனாள். பாண்டித்துரை மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். சவேரியாரின் கை தோளுக்கு நேராக உயர்ந்திருந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஏதோ கேட்கத்தான் தூக்குகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.

ஆதரித்துக் கை தூக்கியவர்கள்கூட அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கர் அருகில் வந்தார்.

"சவேரியாரண்ணே, எதுக்குத் தூக்குறோம்னு தெரிஞ்சுதான் தூக்குறீங்களா?"

"தெரியும் தம்பி," என்றார் சவேரியார்.

இருபத்தொன்றுக்கு இருபது. சவேரியாரின் பெயரை எழுத வேண்டும் என்று ஜெர்லினுக்குத் தெரிந்தது. அவருடைய பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். இப்போது முதல் எழுத்து எது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். பாண்டித்துரை அவள் மேசைக்கு வந்து, பெயரெல்லாம் வேண்டாம், ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதி, சாப்பாடு முடிந்ததும் வாசித்துவிடு என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போனாள். கைகழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் சவேரியார் தனியாக நின்றிருந்தார். அவளைக் கண்டதும் செல்போனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு கடிதத்தின் படம். மேலே அவளுடைய முழுப்பெயரும் விண்ணப்ப எண்ணும் இருந்தன. சிறப்பு நேர்வாகக் கருதி உடனே முடிக்கும்படி கலெக்டருக்குப் பாண்டித்துரையின் சிபாரிசு.

மசோதா நிறைவேறுவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகிவிடும் என்று பாண்டித்துரை சொன்னாராம். கை தூக்கினால் மட்டும்.

"ஒன்னயும் பேத்தியயும் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல தாயி. ஆறு வயசுப் புள்ளயக் கொண்டுபோயி முகாமுல உட்டுட்டு நா பாம்பன்ல ஒக்காந்திருக்க முடியுமா?"

"எங்கம்மா? தம்பி?"

அவர் குழாயைப் பார்த்தார். "பைல் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க."

"எப்பச் சொன்னாரு?"

"செவ்வாக்கெழம."

அவள் விரலை மடித்து நாளை எண்ணினாள். பேச்சை எழுதியது புதன்கிழமை.

"நா ஒக்காந்து எழுதிக்கிட்டு இருந்தப்ப ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"வாசிச்சுக் காட்டுனப்பவும்?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். ஜெர்லினுக்கு அழுகை வரவில்லை. இந்த மனிதர்தான் முகாம் வாசலில் வெயிலில் காத்திருந்து தன்னைப் பெண் கேட்டவர். தனக்காகத்தான் செய்தார் என்பதும் புரிந்தது. அது புரிந்தபோது அதிர்ச்சி குறையவில்லை. இன்னும் ஆழமாக இறங்கியது.

"என்னயக் கேட்டிருக்கலாம்ல மாமா," என்றாள். "வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லுவன்னு தெரிஞ்சுதான் கேக்கல."

கூட்டம் மறுபடி கூடியது. பாண்டித்துரை தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். ஜெர்லின் எழுந்து நின்று நோட்டைப் பிரித்தாள். ஆதரவு இருபத்தொன்று, எதிர்ப்பு இருபது என்று வாசித்தாள். பிறகு ஆதரித்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தாள். முதல் சில பெயர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. போகப்போகக் குரல் கொஞ்சம் நிலைப்பட்டது. கடைசியில், "மண்டபம் ஒன்றியச் செயலாளர் சவேரியார்," என்றாள்.

"நா சொன்னது என்னம்மா, நீ வாசிக்கிறது என்ன?" என்றார் பாண்டித்துரை.

"எண்ணுனத எழுதியிருக்கேங்க."

கட்சி உறுப்பினரே இல்லாதவள் கையில் நோட்டைக் கொடுத்தது யார் என்று ஒரு குரல் கேட்டது. முகாம்காரி புத்தியைக் காட்டிவிட்டாள் என்றது இன்னொன்று. நாலு வருடமாக அவள் எழுதிய தீர்மானங்களில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அவர்களும். யார் சொன்னது என்று பார்க்கக்கூட அவளால் திரும்ப முடியவில்லை. நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

சவேரியார் எழுந்தார். "அவ எழுதுனது சரி," என்றார். "எம் பேரு அதுல இருக்கட்டும்."

வாக்கை மாற்றிக்கொள்கிறாரா என்று பாக்கர் கேட்டார். சவேரியார் உட்கார்ந்துவிட்டார். பாக்கர் நோட்டின் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். எதிர்த்த மற்ற பத்தொன்பது பேரும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

அன்று ஜெர்லின் பாம்பனுக்குப் போகவில்லை. மகளை வரவழைத்துக்கொண்டு முகாமில் அம்மாவோடு தங்கினாள். கடலிலிருந்து திரும்பிய கிளாட்சன் விஷயத்தைக் கேட்டு அப்பாவோடு பேசுவதை நிறுத்தினான். அம்மாவிடம் நடந்ததை எப்படிச் சொல்வதென்று ஜெர்லினுக்குத் தெரியவில்லை. ஏதோ மனத்தாங்கல் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் சவேரியாரே வந்தார். முகாம் வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்து, யாகப்பம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். யாகப்பம்மாள் கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை.

"என்ர பிள்ளையைக் காப்பாத்தத்தான் செய்திருக்கிறியள்," என்றாள் கடைசியில். "ஆனா சம்மந்தி, என்னையும் மகனையும் எந்தக் கணக்கில விட்டியள்?"

கொடுத்த தேநீர் குடிக்கப்படாமல் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகவில்லை. பாண்டித்துரை அந்தச் சிபாரிசைத் திரும்பப் பெற்றுவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குள் மினிட் நோட்டின் படம் எல்லா மாவட்டத்துக்கும் போயிருந்தது. முகாம் இருக்கிற மாவட்டமே ஒருமனதாக ஆதரிக்கிறது என்று தலைமையால் சொல்ல முடியவில்லை. மாநிலங்களவை வாக்கெடுப்பில் கட்சியின் இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் ஆதரித்தார், ஒருவர் எதிர்த்தார். மசோதா எப்படியும் அந்த அவையில் நிறைவேறியது. மக்களவைக்கு இன்னும் வரவில்லை. பாக்கரும் அவரோடு வெளியேறியவர்களும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சவேரியாரை யாரும் நீக்கவில்லை. அவரே பொறுப்பையும் உறுப்பினர் அட்டையையும் தபாலில் திருப்பி அனுப்பினார்.

பாக்கர் மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்தார். மசோதா சட்டமானதும் ஏழாவது பிரிவால் பாதிக்கப்படுகிறவர்கள் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒவ்வொருவரின் பதிவு அட்டையும் பிறப்புச் சான்றும் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். தனி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டு முதல் மனுதாரராகத் தன் பெயரைப் போடச் சொன்னாள் ஜெர்லின்.

ஆவணங்களைச் சேகரிக்கத் தானும் வருகிறேன் என்று சவேரியார் சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவர் முகாமுக்கு வந்தார். நடந்தது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அவள் ஒரு வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டாள். எதிர் வரிசைக்கு அவர் போனார். முதல் வீட்டில் அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அவர் முழங்காலைப் பிடித்தபடி படி இறங்கி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.