ஒரு நாள் நின்று வந்த காவிரி

காவிரியைத் திறந்து மூடுவதுதான் என் வேலை. பெருமையாகத்தான் சொல்கிறேன்; சம்பளத்தைக் கேட்டால் அந்தப் பெருமை போய்விடும். திருச்சிப் பக்கம் ஆற்று மணலில் கிணறு இறக்கி, அங்கிருந்து குழாய் வழியாக எங்களுக்குக் குடிதண்ணீர் வருகிறது. அது கோட்டையூருக்குள் நுழையும் இடத்தில் வால்வு பார்க்கிற ஒப்பந்த ஆள் நான், ஹபீப் ரகுமான். தண்ணீர் வந்தால் காவிரித்தாய் வந்தாள் என்பார்கள். வராவிட்டால், பாய் எங்கே போய்த் தொலைந்தான் என்பார்கள். பதினாறு வருஷமாக இதே கதை.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று காலையில் போனால், சாக்கோட்டை ரோட்டோரம் என் ஏர் வால்வைச் சுற்றிக் கோலம் போட்டிருக்கிறது. குழாய்க்குள் சேருகிற காற்றை வெளியே விடுகிற வால்வு அது. அதற்கு முன்னால் தேங்காய், பழம், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. பக்கத்தில் அடுத்த தெரு மீனாள் அக்கா. கூடவே அவர் மருமகள் கீர்த்தி. முசிறிப் பக்கத்துப் பெண். தையில் கல்யாணமாகி வந்தவள்.

"என்னக்கா, வால்வுக்குப் படையலா?"

"நீங்களே கேளுங்க தம்பி. ஊருணியில வச்சுக் கும்பிட்டுப் போவோம்னா கேக்க மாட்டேங்கிறா. காவேரித் தண்ணியில நனைச்சுத்தான் தாலிக்கயிறு மாத்துவாளாம். அதுவும் பன்னெண்டு மணிக்குள்ள."

"இன்னைக்குப் பாத்தா கேக்குறீக? வழியில ஒரு ஜாயிண்ட் விட்டுப்போச்சு. நேத்து வெள்ளன ஆறு மணிக்கு நிப்பாட்டினவுக, இன்னைக்கு அஞ்சு மணிக்குத்தான் திறந்து விட்டுருக்காக. எப்ப வந்து சேருமோ."

கீர்த்தியின் முகம் விழுந்துவிட்டது. "இன்னைக்கே வரணும்ண்ணே. வந்துருமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஊருணித் தண்ணீர் மட்டும் என்ன குறைச்சல்? அதைக் குடித்துத்தான் இந்த ஊர் வளர்ந்தது. கேட்டேவிட்டேன். அதற்கு அவள் சண்டைக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அவளும் மீனாள் அக்கா மகன் உதயகுமாரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பெண் வீட்டிலிருந்து ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. போனில் பேசவும் கூடாது என்று அவள் அப்பா உத்தரவு. போன வாரம் அவள் அம்மா பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, ரெண்டே நிமிஷம் பேசியிருக்கிறார்.

"பதினெட்டுக்கு அப்பா கூட இருப்பாரு, அதனால ரெண்டு நாள் முன்னாடியே காலையில எட்டு மணிக்குப் படித்துறைக்குப் போறேன்னாங்க. உன் பேரைச் சொல்லி மஞ்சளும் பூவும் ஆத்துல விடுறேன், அந்தத் தண்ணி பதினெட்டுக்கு உன் ஊருக்கு வந்துரும், அதுல நனைச்சுக் கட்டிக்கன்னாங்க. அதுக்குள்ள யாரோ வந்துட்டாங்க, போனை வச்சுட்டாங்க."

குழாய்த் தண்ணீர் மனுஷன் நடக்கிற வேகத்தில் வரும். முசிறிப் படித்துறைக்குப் பக்கத்தில்தான் எங்கள் கிணறு; அங்கே புறப்பட்டது இங்கே சேர இருபத்தெட்டு மணி நேரம் ஆகும். அந்த அம்மா நினைத்த மாதிரி ரெண்டு நாள் ஆகாது. அவர் தொட்ட தண்ணீர் நேற்று மத்தியானமே எங்களைத் தாண்டி, ராமநாதபுரத்துப் பக்கம் யார் குடத்திலோ போய் விழுந்திருக்கும். இதை அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

வால்வுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து குழாயின் மேல் கையை வைத்தேன். ஜில்லென்று, சத்தமில்லாமல் கிடந்தது. இந்தக் குழாயைத் தொடும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியே சொன்னதில்லை. குடகு மலையில் பிறக்கிற தண்ணீர். அதன் குறுக்கே கரிகாலன் கல்லைப் போட்டு அணை கட்டினான். அது பாய்ந்த இடமெல்லாம் நெல்லும் கோயிலும் பாட்டும் விளைந்தன. நாகூர் ஆண்டவரும் அதன் கடைமடையில்தான் அடங்கியிருக்கிறார். எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆற்றை விட்டு வந்து இந்தச் செம்மண் காட்டில் ஊருணி வெட்டி மழையைப் பிடித்துக் குடித்தார்கள். எத்தனையோ நூறு வருஷம் கழித்து அந்த ஆறு அவர்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. செட்டியார், பாய், சேர்வை என்று பார்க்காமல் எல்லார் வீட்டுக்கும் வருகிறது. அல்லாவே, எவ்வளவு பெரியது இது!

அப்போதுதான் பொறி தட்டியது. நேற்று ஆறு மணிக்கு நிறுத்தினார்களே! அந்த அம்மா முந்தாநாள் எட்டு மணிக்கு ஆற்றில் கைவைத்தார். நிறுத்தும்போது அந்தத் தண்ணீர் இருபத்திரண்டு மணி நேரம் நடந்திருக்கும். வால்வை மூடியதும் குழாய்க்குள் அப்படியே நின்றிருக்கும். அதற்கு முன்னால் போனதெல்லாம் உடைப்பில் வடிந்து, குழாய் காலியாகியிருக்கும். இன்றைக்கு அஞ்சு மணிக்குத் திறந்தார்கள். மிச்சம் ஆறு மணி நேரம். விரலை விட்டு எண்ணினேன். இன்று பதினோரு மணிக்கு வரப்போவது அதே தண்ணீர்தான்.

இன்ஜினியர் கேட்டால் மணலில் ஊறுவதையும் கிணற்றில் தங்குவதையும் சொல்லி என் கணக்கைக் கிழித்துப் போடுவார். கிழிக்கட்டும்.

பதினொன்றைத் தாண்டியதும் குழாய் உறுமியது. முதலில் காற்று, விசிலடித்துக்கொண்டு வந்தது. கோலமாவு பறந்தது, மீனாள் அக்கா பயந்துபோய் ரெண்டடி பின்னால் நகர்ந்தார். அப்புறம் செந்தண்ணீர் இருமி இருமி விழுந்தது. அது தெளிந்ததும் வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு எழும்பியது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குப் பார்த்த மாதிரி பார்த்ததில்லை.

"கீர்த்தி, உங்கம்மா தொட்ட தண்ணி நேத்தே நம்மளைத் தாண்டிப் போயிருக்கணும்மா. ரிப்பேருன்னு நிப்பாட்டினதால வழியில ஒரு நாள் நின்னுருக்கு. நின்னு, சரியா இன்னைக்கு வந்துருக்கு. இதுதான் அது."

அவள் ரெண்டு கையையும் நீட்டித் தண்ணீரை வாங்கினாள். வாங்கிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுக ஒழுக மறுபடி வாங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது.

மீனாள் அக்கா மஞ்சள் கயிற்றை எடுத்தார். எடுத்தவர் உடனே நனைக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்று தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க சம்பந்தி. கல்யாணத்துக்குத்தான் வரல. இப்பவாச்சும் வந்தீகளே, வாங்க."