சதுர அடி எட்டு ரூபாய்

எங்கள் ஊரில் வீட்டு பிளான் வாங்குகிறவர்கள், விலையை முடிப்பதற்கு முன்னால் மூன்று நாள் அந்தப் பிளானுக்குள் குடியிருந்து பார்ப்பார்கள். பாய், தலையணை, அடுப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு ஈசானிய மூலை வழியாகத் தாளுக்குள் இறங்குவார்கள். செருப்பை மட்டும் என் வாசலில் விட்டுவிட வேண்டும். பென்சில் கோடு கலைந்துபோகும் பாருங்கள்.

நான் முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். சாந்துச் சட்டி சுமந்து சுமந்து, எந்த வீட்டில் எங்கே இடிக்கும் என்று என் தலைக்கே தெரிந்துபோயிற்று. இப்போது பிளான் போடுகிறேன். எழுத்து அவ்வளவாக வராது, கோடு வரும். காதும் நல்ல காது. தாளில் காதை வைத்தால் உள்ளே பேசுவது, முனகுவது, முட்டிக்கொள்வது எல்லாம் விழும். அதை வைத்துத்தான் திருத்திக் கொடுப்பேன்.

இத்தனை நாளும் சதுர அடிக்கு ஐந்து ரூபாய்தான். இந்தச் சித்திரையில் துணிந்து சுவரில் எட்டு என்று எழுதிவிட்டேன். மூன்று பேர் மறுத்தால் எழுதின விலையைச் சுண்ணாம்பு பூசி அழித்துவிட வேண்டும், பிறகு ஆயுசுக்கும் பழைய விலைதான். ஊர் வழக்கம் அப்படி. ஏற்கெனவே இரண்டு பேர் மறுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ராஜாங்கத்திடம் போய்விட்டார்கள். அவர் மூன்று ரூபாய்க்குக் கலரிலேயே போடுகிறார். நான் சுண்ணாம்பை வாளியில் ஊறப்போட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்குக் காத்திருந்தேன்.

வந்தவர் டெய்லர் பரிபூரணம். தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் இறங்க, சம்சாரம் ராஜகிளி பின்னால் இறங்கினாள்.

அடுப்படி நெருக்கம் என்று அவள் முனகுவது முதல் நாளே கேட்டது. சுவரை ஒரு நூல் தள்ளிப் போட்டேன். உள்ளே அது ஒரு முழம்.

“அக்கா, அழிக்கிறப்போ ஒரு வார்த்தை சொல்லுங்க. ரப்பர் தூள் ரசத்துல விழுது.”

“மூடி வச்சுக்க தாயி” என்றேன்.

இரண்டாம் நாள் பரிபூரணம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“எட்டு ரூவா ரொம்ப அதிகம்க்கா. என்ன இருக்கு இதுல? நாலு கோடு.”

“ஜாக்கெட்டுக்கு என்ன வாங்குறீங்க டெய்லரே?”

“லைனிங் வச்சா முந்நூறு.”

“என்ன இருக்கு அதுல? நாலு தையல்.”

“அது வேற, இது வேற.”

“சரி, உங்க இஷ்டப்படி நாலு கோடே இருக்கட்டும்” என்று சுற்றுச்சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தேன். ராஜகிளி அப்போதுதான் சோப்பு டப்பாவும் துண்டுமாகக் குளிக்கக் கிளம்பியிருந்தாள்.

“யோவ், குளிக்கிற ரூமைக் காணோம்யா!”

“நாலு கோட்டுல அதெல்லாம் வராதாம்.”

“உன் சாமர்த்தியத்தைக் காஜா எடுக்கிறதுல காட்டு. அக்கா, ஆறு ரூவா நான் தர்றேன். முதல்ல சுவத்தைப் போடுங்க.”

“ஆறுக்கு மேல ஒரு பைசா கிடையாது” என்றார் அவர்.

எல்லாச் சுவரையும் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஆறு எட்டாகாது. சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்து வாளியில் போட்டேன்.

சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை காதை வைத்தேன். மிஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. “வெளிச்சம் முதுகுக்குப் பின்னால வருது, என் நிழலே ஊசி மேல விழுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மிஷினுக்கு இடது கைப்பக்கமாக ஒரு சின்ன ஜன்னல் வைத்தேன். மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மிஷின் நிற்கவே இல்லை.

பொழுது சாய வெளியே வந்தவர், சுவரில் இருந்த எட்டைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

“அந்த இடது பக்கத்து ஜன்னல் நான் சொல்லலையே?”

“சொல்லல. வேண்டாம்னா எடுத்துடலாம்” என்று ரப்பரைக் கையில் எடுத்தேன்.

“ஐயோ, கீழ வைங்க அதை! எட்டே வாங்கிக்கங்க.”

ஊறின சுண்ணாம்பை வீணாக்காமல் வாசலில் இருந்த வேப்பமரத்துக்கு அடித்துவிட்டு வந்தேன். பரிபூரணம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

“ஒரே ஒரு குறைக்கா. துணி தைக்கக் குடுக்க வந்தவங்க வாசல்ல நிக்க இடமில்லாம தாள் ஓரத்துல தொங்குறாங்க.”

“தெருவுக்குத் தனி ரேட்” என்று, சோற்றுப் பருக்கை வைத்து இன்னொரு தாளை ஒட்டித் தெருவைப் போட்டேன். பாதி போடுவதற்குள் அந்தத் தெருவில் டவுன் பஸ் வந்து நின்றது. கம்ப்யூட்டர் ராஜாங்கம் பாயும் தலையணையுமாக இறங்கினார்.

“என் பிளான்ல எந்நேரமும் மத்தியானமாவே இருக்குக்கா. கலர் அப்படி. நான் தூங்கி ஆறு மாசமாச்சு. எனக்கு ஒரு வீடு போட்டுக் குடுங்க.”

“சதுர அடி எட்டு.”

“சுவத்துல பாத்துட்டுத்தான் ஏறினேன்.”

பஸ் கிளம்பாமல் நின்றது. கண்டக்டர் படியில் இறங்கி என்னை அண்ணாந்து பார்த்தார்.

“ரோடு முடிஞ்சுபோச்சும்மா. அடுத்த ஸ்டாப் வரைக்கும் போட்டுடுங்க, வண்டியில பிரசவத்துக்குப் போற பொண்ணு இருக்கு.”

ஆஸ்பத்திரி வரைக்கும் தாள் போதுமா என்று பார்த்துவிட்டு, பென்சிலைச் சீவினேன்.