ஜக் இருந்த பக்கம்

நான் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மூக்குக்கண்ணாடிக்கடை அண்ணனின் ஆஸ்பத்திரிக் கட்டில் நனைந்திருந்தது. தண்ணீர் ஜக் கவிழ்ந்து கிடந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தட்டியது யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. என் முழங்கைமேல் பழைய வழக்குகள் உண்டு. ஜெபத்தில் உருக்கம் ஏறினால் கை தானாக ஆடும். ஒரு வீட்டில் பூச்சாடி போயிருக்கிறது. இன்னொரு வீட்டில் ஒரு பெரியவரின் பல்செட்.

ஜெபமும் சின்னதில்லை. பைபிளின் தொடக்கமான ஆதியாகமத்தில் வண்டியை எடுத்தால் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலுக்கு முன்னால் எனக்கு நிறுத்தம் கிடையாது. பிழைப்புக்கு நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பகலெல்லாம் "மிரரைப் பாருங்க, பக்கத்துல யார் வர்றாங்கன்னு பாருங்க" என்று தொண்டை வறளக் கத்துகிற அதே ஆள், நோயாளியின் கட்டிலுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடி, நேராக டாப் கியர். அன்று நடுவில் அவர் "பிரதர், பிரதர்" என்று ஈனஸ்வரத்தில் கூப்பிட்டது கேட்கத்தான் செய்தது. மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்து, பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினேன். அதற்கப்புறம் வந்ததுதான் அந்த ஜெபத்திலேயே நல்ல பகுதி.

மறுநாள் செய்தி வந்தது: சபையிலிருந்து யாரும் தன்னைப் பார்க்க வரவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

வியாழக்கிழமை அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். மனைவி இறந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகனுக்குக் கப்பலில் வேலை. நினைத்தவுடன் இறங்கி வர முடியாது. ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார எங்களை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. அந்த எங்களையும் நான் ஒரு ஜக் தண்ணீரில் கரைத்துவிட்டேன். நான் நிஜமாக என்ன கெடுத்தேன் என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? யாராவது சொல்வார்கள் என்று கிளம்பினேன்.

முதலில் பாஸ்டர். "ஐயா, நோயாளிகளைச் சந்திக்கிற ஊழியத்துக்கு நான் லாயக்கா இல்லையா? பட்டுன்னு சொல்லிடுங்க."

அவர் தேநீரை ஊதினார். குடிக்கவில்லை. மறுபடி ஊதினார். "ஜெபிப்போம் பிரதர்."

"ஜெபிச்சதாலதான் ஐயா இவ்வளவும்."

"அதுக்கும் சேர்த்து ஜெபிப்போம்."

அடுத்து மருந்துக்கடை அக்கா. சந்திப்பு ஊழியக் குழுவுக்கு அவர்தான் தலைவி. "நான் விலகிக்கட்டுமாக்கா?" என்றேன். "உங்க ஆர்வத்தைக் கர்த்தர் பார்க்கிறார் தம்பி" என்றார். கர்த்தர் பார்க்கிறார், சரி. அக்கா என்ன நினைக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. ஆனால் உடனே கூட்டம் போட்டார். நல்ல ஊழியத்துக்கான நெறிமுறைகள் என்று தலைப்பு. ஜெபத்துக்கு முன் நீர்ப்பொருட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது முதல் தீர்மானம். பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற மாமா, சூப் நீர்ப்பொருளில் சேருமா என்று கேட்டார். அதில் அரைமணி நேரம் போனது. நோயாளிக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சூப்பைப் பற்றித்தான் பேசினேன்.

கடைசியில் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "என் ஜெபம் நீளமா?"

"இருபது வருஷமா இந்த வீட்டுல எல்லாரும் ஆறின சாப்பாடுதான் சாப்பிடுறோம்" என்றாள். "நான் ஏதாவது சொன்னேனா?"

இதையும் பதில் கணக்கில் சேர்க்க முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மூக்குக்கண்ணாடியில் ஒரு திருகாணி லூசாகியிருந்தது. லூசாக்கியது யார் என்பதை வாசகர் ஊகித்திருப்பார்.

"சபையிலேர்ந்தா?" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே.

"இல்லண்ணே. கஸ்டமரா வந்தேன்." கண்ணாடியை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். தலையணைக்கு அடியிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒன்று வெளியே வந்தது. "நகத்தால கழட்டியிருக்கீங்க."

"ஆமாண்ணே."

கண்ணாடியை மடியில் வைத்துத் திருகத் தொடங்கினார். "அண்ணே, ஜக்கைத் தட்டிவிட்டதுக்கு மன்னிச்சுருங்க."

"அன்னைக்கு எங்க நின்னீங்க?"

"இதே இடத்துலதான். உங்க வலது கையைப் பிடிச்சுக்கிட்டு."

"ஜக் எங்க இருந்துச்சு?"

பார்த்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம், டிரிப்ஸ் கம்பிக்கு அருகே மேசை, அதன்மேல் ஜக். என் முழங்கை அங்கே போயிருக்க வேண்டுமானால் அவர் வயிற்றின்மேல் ஏறித்தான் போயிருக்க வேண்டும்.

"இவரு ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர்றாரு" என்றார் அவர், திருகாணியிடம்.

"அப்ப யாருண்ணே தட்டினது?"

"நான்தான்."

"அண்ணே, பாஸ்டர் ஜெபிப்போம்கிறாரு. அக்கா ஆர்வம்கிறாங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க. நான் என்ன செஞ்சேன்?"

அடுத்த கட்டில்காரர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஆரம்பிச்சப்பவே எனக்கு மூத்திரம் முட்டிக்கிட்டு வந்துச்சு. பாட்டில் கட்டிலுக்குக் கீழ, உங்க கால்கிட்ட. அதை எடுத்துக் குடுங்கன்னு சொல்லத்தான் பிரதர் பிரதர்னு கூப்பிட்டேன். நர்ஸைக் கூப்பிடலாம்னா பெல் இந்தக் கைப்பக்கம். இந்தக் கை உங்க கையில. இழுக்க இழுக்க நீங்க இறுக்குறீங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு அடக்கினேன். நீங்க ஜெபத்துல செங்கடலைப் பிளந்தீங்க பாருங்க, அங்க என்னால முடியல."

நான் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். பாட்டில் என் செருப்பை உரசிக்கொண்டு நின்றது.

"நர்ஸ் வேற வாசலுக்கு வந்துட்டாங்க. படுக்கை நனைஞ்சது நாளைக்குச் சபை பூரா தெரிஞ்சுரும்னு பயந்துட்டேன். அதான் ஊசி குத்தின கையால ஜக்கைத் தள்ளிவிட்டேன். நனைஞ்ச படுக்கையில எது எந்தத் தண்ணின்னு யாரு பிரிச்சுப் பார்க்கப்போறா?"

"அந்த வெட்கத்துலதான் யாரும் வரவேண்டாம்னு சொன்னீங்களா?"

"அதுவும்தான். வந்தா மறுபடி கையைப் பிடிப்பீங்கங்கிறதும்தான்."

சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. "ஜக்கை என் முழங்கை தட்டினதாவே இருக்கட்டும்ணே" என்றேன். "அதுக்குத் தீர்மானமே போட்டாச்சு."

அவர் கையை நீட்டி, கண்ணாடியைத் தானே என் மூக்கில் மாட்டி, காதுப்பக்கம் அழுத்திச் சரிசெய்தார். அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கு நான் வரட்டுமாண்ணே? வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லிடுங்க."

"வாங்க" என்றார். "வெள்ளனவே வாங்க. எனக்குப் பயமா இருக்கு. ஜெபமும் பண்ணுங்க, ஆனா சின்னதா. நான் நம்பர் பார்த்துப் போட்டுக்குடுத்த கண்ணாடியைக் கழட்டாம, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு. நடுவுல நான் கூப்பிட்டா, ஆண்டவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிட்டுப் பாட்டிலை எடுங்க. அவரு இருப்பாரு."