பியசீலியின் வளவுக்கு வந்த யானை

மாத்தளை கொங்காவலையில் கைறுன்னிஸாவின் கேட்டரிங்கைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் மௌத்தான வருஷம் வீட்டுப் பின்பக்கம் இரண்டு அடுப்போடு தொடங்கியவள், பதினாறு வருஷத்தில் ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கு ஒரே நேரத்தில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சவன் தட்டு வைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். தம்பி மக்கீன் லொறி ஓட்டினான், சாமான் வாங்கினான், சண்டை பிடிக்க வேண்டிய இடங்களில் சண்டையும் பிடித்தான். வேலைக்கு வருகிறவர்களுக்கு கைறுன்னிஸா சொல்லும் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பசியோடு ஒருவரும் பந்தலைவிட்டுப் போகக் கூடாது. அதனால் எப்போதும் கூடவே சமைப்பாள். கூடச் சமைத்தால் மிஞ்சும்.

மிஞ்சியதைப் பல வருஷமாகப் பின்னால் ஒரு குழியில்தான் கொட்டிவந்தார்கள். ஒரு மாரிக்கு அந்தக் குழி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டு அம்றாவின் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. அம்றா அந்தத் தண்ணீரில் ஒரு வாளி அள்ளிக்கொண்டுவந்து சமையல்கூட வாசலில் வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போனாள். ஏசியிருந்தால்கூட கைறுன்னிஸா தாங்கியிருப்பாள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாள். பிளாஸ்டிக் லன்ச் ஷீட் போய் வாழையிலையும் கழுவி எடுக்கிற தட்டும் வந்தன. வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்களையே எடுத்தாள். மரக்கறியையும் அரிசியையும் பயிர் செய்கிறவர்களின் கையிலிருந்தே வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பியசீலி வந்து சேர்ந்தாள்.

பியசீலி வில்கமுவக்காரி. விவசாயப் பெண்களுக்கென்று மாத்தளையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தாள். அன்றைய பகல் சாப்பாடு கைறுன்னிஸாவுடையது. சாப்பிட்டுக் கை கழுவியதும் பியசீலி நேராகச் சமையல் பக்கம் வந்து, சிங்களத்தில் கேட்டாள்.

"இந்தப் பூசணி எங்க வாங்கினீங்க அக்கா? எங்க ஊர்ப் பூசணி இதைவிட நல்லா இருக்குமே."

கைறுன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை மக்கீன் லொறியை எடுத்துக்கொண்டு, நாலந்தா தாண்டி, நாவுலயில் திரும்பி, மூன்று மணித்தியாலம் ஓடி வில்கமுவ போனான். பியசீலியும் இன்னும் ஒன்பது பெண்களும் பூசணி, கத்தரி, பயற்றங்காய், நெல்லரிசி என்று சாக்குக் கட்டி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் லொறி போனது.

"போகும்போது வெறும் லொறிதானே போகுது ராத்தா" என்றான் மக்கீன் ஒருநாள். "மிஞ்சினதப் பிளாஸ்டிக் பரல்ல அடச்சு ஏத்திக்கிட்டுப் போனா என்ன? அவங்களுக்குப் பசளை. நமக்குக் குழி வேணாம்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பியசீலியின் வளவு காட்டோரம் முடிகிற இடத்தில், தகரம் அடித்து, மரக்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் வைக்கோலோடு கலந்து கூட்டுப்பசளை போட்டார்கள். பியசீலியின் கணவன் தர்மசேனதான் அதைக் கிளறினான். முதல் போகத்திலேயே கத்தரிச்செடி இடுப்பளவுக்கு வளர்ந்தது. யாரோ வந்து படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டார்கள். அம்றா தன் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வருஷம் முழுக்க கைறுன்னிஸாவுக்கு மனது லேசாக இருந்தது.

ஓகஸ்ட் மாதம், காடு காய்ந்து கிடந்த நாளில், பியசீலி போன் எடுத்தாள்.

"அக்கா, உங்க பிரியாணியை ஒருத்தர் வந்து ருசி பார்த்துட்டுப் போயிருக்கார். மிச்சமே வைக்கல."

"யாரு?"

"யானை. தனி ஆம்பள யானை. இடது காது கிழிஞ்சது."

இரண்டு பேருமே சிரித்தார்கள். வில்கமுவயில் யானை வருவது புதிய விஷயமில்லை. மக்கீன்கூட, "பணக்கார யானை போல, சவன் சாப்பாடு கேக்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

யானை மறுபடி வந்தது. பிறகு இரண்டு நாளைக்கொரு தடவை வந்தது. தர்மசேன தகரத்தைப் பலப்படுத்தினான். அது தகரத்தை மிதித்து மடித்தது. பரல்களுக்குப் பூட்டுப் போட்ட மூடி வாங்கிக் கொடுத்தாள் கைறுன்னிஸா. யானை பரலையே காலால் அமுக்கிப் பிளந்தது. வெடி கொளுத்திப் போட்டால் நாலடி தள்ளி நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. உப்பும் எண்ணெயும் வாசனையும் சேர்ந்த சோறு அதற்குப் பிடித்துப் போயிருந்தது.

வனஜீவராசி அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கைறுன்னிஸாவுக்குப் போன் பண்ணினார். தமிழ் தெரிந்தவர்.

"சமைச்ச சாப்பாடு ஒண்ணும் இனிமே கொண்டு வராதீங்க அம்மா. அது பழகிருச்சு."

"இன்னைக்கே நிப்பாட்டுறேன் சேர்" என்றாள். நிறுத்தவும் செய்தாள். பரல்கள் போகவில்லை. இருந்த பசளைக் குவியலையும் தர்மசேன ஆழமாகக் குழி வெட்டி மூடினான்.

யானைக்கு யாரும் சொல்லவில்லை. அது வந்தது. குவியல் இருந்த இடத்தை மோந்து பார்த்தது. ஒன்றும் இல்லையென்றதும் வீட்டுப் பக்கம் நடந்தது. ஒரு விடியற்காலை, குசினிக்குள் அடுக்கியிருந்த நெல் மூட்டைக்காகச் சுவரைத் தலையால் தள்ளியது. சுவருக்கு மறுபக்கம் தர்மசேன படுத்திருந்தான்.

அவனுடைய இடுப்பெலும்பு உடைந்திருந்தது. கைறுன்னிஸா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தர்மசேன கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அப்படியே பேசினான்.

"உங்க மேல கோவமில்ல அக்கா. நாங்களும் ஆசைப்பட்டுத்தானே வாங்கிக்கிட்டோம். ஆனா அது இப்ப எங்க வீட்டைச் சாப்பாட்டுக் கடைன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. அதுக்கு என்ன சொல்லிப் புரியவைக்கிறது?"

சுவரைக் கட்டிக் கொடுக்க மக்கீன் மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனான். கட்டி முடித்த ஒன்பதாம் நாள் அடுத்த வீட்டுச் சுவர் விழுந்தது. பெண்கள் குழுவில் நாலு பேர் மரக்கறி தருவதை நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை. லொறி வந்தால் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

கைறுன்னிஸா அதிகாரியைத் தேடி நேரிலேயே போனாள்.

"அதைப் பிடிச்சு வேற காட்டுல விட ஏலாதா சேர்?"

"எழுதி அனுப்பியிருக்கோம். ஆனா கொண்டுபோய் விட்டாலும் சிலது திரும்பி வந்துரும் அம்மா. வழி மறக்காது."

"அப்ப காட்டுக்குள்ள தூரமா ஒரு இடத்துல நானே சாப்பாடு வச்சா? வீட்டுப் பக்கம் வராதுதானே. செலவு என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தயவுசெஞ்சு, இனி அதுக்கு ஒரு பருக்கைகூட வைக்காதீங்க."

அவள் எழுந்து வந்துவிட்டாள். லொறியில் ஏறியதும் மக்கீனிடம், "கையைக் கட்டிப்போட்ட மாதிரி இரிக்கிடா" என்றாள். அவன் வண்டியை எடுத்தான்.

பிறகு மூன்று வாரம் யானை வரவில்லை என்றார்கள். எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். நாலாவது வாரம், ஒரு காலையில் பியசீலி போனில், "வாங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். குரலில் என்னவோ இருந்தது. மக்கீன் அன்றைக்கிருந்த வேலையைப் பர்ஸானாவிடம் ஒப்படைத்துவிட்டு லொறியை எடுத்தான். பர்ஸானாதான் சமையல்கூடத்தில் கைறுன்னிஸாவுக்கு அடுத்தபடி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது யானை ஊர்க் குளத்துக்குள் நின்றது. முழங்கால் அளவு தண்ணீர். கிழிந்த இடது காதை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. கரையில் ஐம்பது அறுபது பேர். அதன் கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. யாரோ பூசணிக்குள் வெடிமருந்து வைத்துப் போட்டிருக்கிறார்கள். ஹக்கப்பட்டாஸ் என்பார்கள். கடித்ததும் வாய்க்குள்ளேயே வெடித்துவிடும்.

கைறுன்னிஸா அதுவரை அந்த யானையைப் பார்த்ததில்லை. தன் கைச்சோற்றைத் தின்று பழகிய உயிரை முதல்முதலாக இப்படித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அது தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி வாய்க்குள் விட்டது. தண்ணீர் அப்படியே கீழே வழிந்தது. மறுபடி உறிஞ்சியது. மறுபடி வழிந்தது. வெயில் ஏறும்வரை அதையே செய்துகொண்டிருந்தது.

மிருக வைத்தியர் தூரத்திலிருந்து ஊசி மருந்து சுட்டிருந்தார். கைறுன்னிஸா அவரருகே போய்ச் சிங்களத்தில் கேட்டாள். "சுகமாகுமா டொக்டர்?"

"வலி குறைய மருந்து குடுத்திருக்கேன். நாக்கில பாதி இல்லை."

"கஞ்சியா கரைச்சுக் குடுத்தா?"

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். வேண்டாமென்று சொல்லவில்லை. "விழுங்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

அவள் பியசீலியின் வீட்டுக்கு நடந்தாள். புதுச் சுவருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி, பெரிய பானையில் அரிசி போட்டுக் குழையக் குழையக் காய்ச்சினாள். பியசீலி வந்து விறகைத் தள்ளிவிட்டாள். சற்று நேரத்தில், மரக்கறி தருவதை நிறுத்தியிருந்த ஒருத்தியும் வந்து தேங்காய் துருவினாள்.  எதற்கும் உதவாது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் சும்மா நிற்க முடியவில்லை.

மக்கீனும் இன்னொருவரும் பானையைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். காற்று அந்தப் பக்கமாகத்தான் அடித்தது. யானை தலையைத் திருப்பியது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தது. பானைக்குள் தும்பிக்கையை விட்டு, தும்பிக்கை நிறைய எடுத்து, வாய்க்குக் கொண்டுபோனது. கஞ்சி அதன் மார்பில் வெள்ளையாக வழிந்தது. இன்னொரு தரம் எடுத்தது. இன்னொரு தரம். பானை காலியாகும்வரை எடுத்தது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"யா அல்லாஹ், இதப் பாக்கவா வந்தேன்" என்று கைறுன்னிஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னேரம் அதிகாரி ஒரு மரத்தடியில் நின்று வாக்குமூலம் எழுதினார். வெடியை யார் வைத்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்கும் தெரியாது. கைறுன்னிஸா முன்னால் போனாள்.

"முதல்ல சாப்பாடு கொண்டுவந்து பழக்கினது நான்தான் சேர். என் பேரை எழுதுங்க."

"நீங்க வெடி வச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப என்னத்த எழுதச் சொல்றீங்க? இந்தப் படிவத்துல அதுக்கு இடமில்லையே அம்மா."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை; அவரும் களைத்துப் போயிருந்தார். கைறுன்னிஸா எதிரே நின்றவர்களைப் பார்த்தாள். ஊன்றுகோலோடு வந்திருந்த தர்மசேன தரையைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் குளத்தைப் பார்த்தார். யாராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர்களிடம் அவள் என்ன கேட்க முடியும்? அவர்களுடைய சுவர் அல்லவா விழுந்தது.

யானை பதினொரு நாள் உயிரோடிருந்தது. செய்தி வந்தபோது கைறுன்னிஸா மாத்தளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நின்றாள். போனை மடியில் செருகிக்கொண்டு வட்டிலப்பம் பரிமாறப்படுவதைப் பார்வையிட்டாள். 

அடுத்த செவ்வாய்க்கிழமை மக்கீனோடு அவளும் போனாள். குளக்கரையில் பெக்கோ இயந்திரம் போட்டுத் தோண்டி யானையைப் புதைத்து மூடிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தாண்டி வளவுக்குள் போனார்கள். ஆறு பெண்கள் சாக்குகளோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு வாங்குகிறவர் இல்லை.

"தர்மசேன எப்படி?" என்று கேட்டாள்.

"நித்திரையே இல்ல அக்கா. இலை விழுந்தாலும் எழும்பி உக்காந்துக்கிறார். செத்தது அதுதான்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறார்."

"நான் என்ன செய்யட்டும், பியசீலி? என்ன செஞ்சா கொஞ்சமாவது சரியாகும்?"

பியசீலி கத்தரிச் சாக்கின் வாயைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"தெரியலை அக்கா. தெரிஞ்சிருந்தா உங்ககிட்டச் சொல்ல மாட்டேனா?"

மக்கீன் தராசைக் கீழே இறக்கி வைத்தான். கைறுன்னிஸா குனிந்து சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.