கைடில் இல்லாத அனுபவம்

1

இந்தக் கதை என் தங்கை அபிதா திருடியதால் பிறந்தது. அவளுடைய ஏழாம் வகுப்பில் ரூபியா டீச்சர், "உங்களுக்கு நடந்ததை எழுதுங்க" என்றிருக்கிறார். முப்பத்தெட்டுப் பேரும் ஊட்டிக்குச் சுற்றுலா போய்வந்ததாக எழுதினார்கள். (கைடில் அந்த ஒரு கட்டுரைதான் இருக்கிறது. ஒருவரும் ஊட்டியைப் பார்த்ததில்லை.) கைடைப் பார்த்து எழுதக் கூடாது என்று டீச்சர் எல்லா நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுபடி எழுதும்போது அபிதா கைடைப் பார்க்கவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி, அது எனக்கு நடந்ததுல்லா?"

"கைடைத்தான பாக்கக் கூடாதுன்னாங்க? உன் நோட்டப் பாக்கக் கூடாதுன்னு சொல்லலயே."

2

அவள் எழுதிக் கொடுத்தது:

'நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பத்து நாள் தார்* சுற்றப் போனேன். பதினோராவது நாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். பிள்ளை ஊரில் இல்லை என்றாள் அம்மா. நான் அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு'

(*தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்கட்டை.)

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நான் முடிக்கவில்லை, அவளும் அப்படியே எழுதிவிட்டாள். ஏழில் படிக்கிற கழுதை, ஒன்பதோடு நின்றதாக எழுதியிருக்கிறது.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவரும் இதே ரூபியா டீச்சர்தான்.

3

கீழே சிவப்பு மையில்: 'பிறகு என்ன நடந்தது? எழுதியவரே முடித்துத் தரவும்.'

"திட்டுனாங்களா?"

"இல்லக்கா. ரொம்ப நேரம் வாசிச்சாங்க. உங்க அக்கா இங்கனதான் இருக்காளான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். பின்ன, பொய்யா சொல்லச் சொல்லுத?"

4

தறிச்சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. கை வலிக்கிறது. முடிக்கப் பார்க்கிறேன்.

முதல் முடிவு: நான் வெளியே ஓடிவந்து டீச்சரின் கையைப்
(நடக்கவில்லை. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: தனித்தேர்வு எழுதிப் பாஸாகிறேன். (கைடு வாடை அடிக்கிறது.)

நடந்தது இதுதான். டீச்சர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, வாசலில் கவிழ்ந்து கிடந்த என் பள்ளிக்கூடச் செருப்பை நிமிர்த்தி வைத்தார். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சன்னல் இடுக்கில் பார்த்தேன்.

5

யார் வாசிப்பார் என்று தெரியாமல்தான் இதுவரை எழுதினேன். இப்போது தெரிகிறது. டீச்சர், பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நாலு வருடமாகத் தார் சுற்றுகிறேன். அவ்வளவுதான் அனுபவம்.

வாருங்கள் என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. நீங்கள் வந்தால் வெளியே வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் இதை முடிக்க வேண்டியது நானில்லை, நீங்கள்.